தாத்தாவின் சம்புடத்தில் இருக்கும் பூஜைக் கற்கள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மாடித்தோட்டம்:

வணக்கம். தாத்தா தவறிய பிறகு அவருடைய பூஜைச் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. பித்தளைச் சம்புடம் ஒன்று, அதற்குள் பட்டுத்துணியில் சுற்றிய கற்கள். தாத்தா இருந்தவரை காலையில் குளித்து அவற்றுக்கு அபிஷேகம் செய்து பூ போட்டு நைவேத்யம் காட்டிவிட்டுத்தான் வாயில் எதையும் வைப்பார். அந்த நேரத்தில் அவரோடு யாரும் பேசமாட்டோம். அதனாலேயே எது என்ன கல், ஏன் இத்தனை கல் என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை.

உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். கருப்பாக, உருண்டையாக இரண்டு. அதில் ஒன்றில் ஓட்டை இருக்கிறது, உள்ளே சுருள் சுருளாக வரிகள், டார்ச் அடித்துப் பார்த்தால் பொன் நிறத்தில் ஏதோ மின்னுகிறது. அடுத்தது முட்டை வடிவில் வழவழவென்று பழுப்பாக, நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற கல். அப்புறம் நல்ல சிவப்பில் ஒன்று, கண்ணாடி மாதிரி தெளிவாக ஒன்று, கடைசியாகக் கொஞ்சம் சொரசொரப்பாகப் பொன் துகள் கலந்த மாதிரி ஒன்று. கருப்புக் கல் சாளக்கிராமம் என்று மட்டும் தெரியும்.

இப்போது வீட்டில் இதுதான் பேச்சு. பெரியப்பா, சாளக்கிராமம் இருக்கிற வீட்டில் ஒரு நாள் பூஜை விட்டாலும் குடும்பத்துக்கு ஆகாது, உங்களால் முடியாது என்கிறார். அத்தை, இரண்டு சாளக்கிராமம் சேர்த்து வைக்கவே கூடாது, எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிடு என்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், தாத்தா செய்த அளவுக்கு நிச்சயம் முடியாது. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கக் கையில் எடுத்துத் துடைத்த கற்களை ஆற்றில் போட எனக்கு மனசு வரவில்லை. இவை என்ன, இவற்றுக்கு உண்மையில் என்ன அர்த்தம், எங்களைப் போன்றவர்கள் வைத்துக்கொள்ளலாமா, பெண்கள் தொடலாமா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

கோயிலாழ்வார்:

முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

ஓட்டையும் சுருளும் இருக்கிற கருப்புக் கல் சாளக்கிராமம்தான், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை. நேபாளத்தில் ஓடும் கண்டகி நதியில் கிடைப்பது. மேல் பகுதியில் காளி கண்டகி என்பார்கள். அதன் அருகே 3,700 மீட்டருக்கு மேல் முக்திநாத் இருக்கிறது, அதுதான் ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம். திருமங்கையாழ்வார் ஒரு பதிகம் முழுக்க ‘சாளக்கிராமமடை நெஞ்சே’ என்று நெஞ்சைப் பார்த்துச் சொல்கிறார். அவ்வளவு தூரத்து ஆற்றுக் கல் இங்கே தெற்கே ஒவ்வொரு வீட்டுக் கோயிலாழ்வாரிலும், அதாவது பெருமாள் இருக்கும் பூஜைப் பெட்டியிலும், வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதே எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியான விஷயம்.

இதன் விசேஷம் என்னவென்று கேட்டீர்கள். சிற்பி செதுக்கிய விக்ரகத்துக்குப் பிராணப் பிரதிஷ்டை செய்ய வேண்டும், பூஜையின்போது ஆவாஹனம் செய்து முடிவில் வழியனுப்ப வேண்டும். சாளக்கிராமத்துக்கு இது எதுவும் கிடையாது. ஆவாஹனமும் இல்லை, விசர்ஜனமும் இல்லை. பெருமாள் அதில் தாமாகவே எப்போதும் இருக்கிறார் என்பதுதான் நம்பிக்கை, ஸ்வயம்வ்யக்தம் என்பார்கள். கண் மூக்கு கிடையாது, கை கால் கிடையாது, ஒரு சக்கரக் குறி மட்டும். அந்தக் குறிகளை வைத்துத்தான் லக்ஷ்மி நாராயணன், நரசிம்மன், வாமனன், மத்ஸ்யம், சுதர்சனம், ஹிரண்யகர்பம் என்றெல்லாம் அடையாளம் சொல்வார்கள். எத்தனை சக்கரம், துவாரம் எந்த அளவு, நிறம் என்ன என்று பார்க்க வேண்டும், அதற்குப் பழக்கப்பட்ட கண் வேண்டும். இணையத்தில் படத்தைப் போட்டு முடிவு செய்துவிடாதீர்கள்.

பெரியப்பா சொல்வதற்கு வருகிறேன். தினமும் ஆராதனம் வேண்டும் என்பது சரி. அதில் நான் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் தாத்தா செய்த அளவு செய்தால்தான் ஆராதனம் என்று யாரும் சொல்லவில்லை. சுத்தமான ஜலத்தில் திருமஞ்சனம், அதாவது அபிஷேகம், அப்புறம் துடைத்து ஒரு துளசி தளம், வீட்டில் என்ன சமைத்தீர்களோ அதில் நீங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்சம் கண்டருளப் பண்ணுவது, அதாவது நைவேத்யம். தளிகை (சமையல்) ஆகவில்லையா, பால், இல்லையென்றால் இரண்டு உலர் திராட்சை. புருஷ ஸூக்தம் என்ற வேத மந்திரம் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் திருநாமங்கள், அதுவும் தெரியாவிட்டால் கேசவா நாராயணா மாதவா. இதற்குக் கால் மணி நேரம் கூட ஆகாது. துளசி ஒன்றை மட்டும் விடாதீர்கள், அதில்லாமல் சாளக்கிராம ஆராதனம் இல்லை. துவாதசியன்று பறிக்கக் கூடாது என்பதால் முதலிலேயே பறித்து வைத்துக்கொள்வது வழக்கம். வாடினாலும் துளசிக்குப் பழசு என்கிற தோஷம் கிடையாது, சமர்ப்பித்ததையே கழுவி மறுபடியும் சமர்ப்பிக்கலாம்.

பொய்கையாழ்வார் ‘தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே’ என்றார். தன் அடியவர்கள் எந்த உருவத்தை விரும்பினார்களோ அதையே தன் உருவமாக எடுத்துக்கொள்கிறவன், ஒரு நாள் துளசி தாமதமாக வந்தது என்று உங்கள் குடும்பத்தின் மேல் கோபித்துக்கொள்வான் என்று நினைப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெளியூர் போனால் கூடவே எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போங்கள். அந்தக் காலத்தில் யாத்திரை போகிறவர்கள் சம்புடத்தோடுதான் போவார்கள். முடியாதபோது ஆசாரமான உறவினர் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

ஆற்றில் மட்டும் விடாதீர்கள். உங்களால் முடியவே முடியாது என்ற நிலை வந்தால் ஆராதனம் நடக்கிற ஒரு வீட்டுக்கோ மடத்துக்கோ கோயிலுக்கோ கொடுங்கள். சாளக்கிராம தானம் பெரிய தானம்.

---

பாறைப்பித்தன்:

நிலவியல் படித்தவன் என்ற முறையில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். பக்திக்கு எதிராகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் வீட்டிலும் சாளக்கிராமம் உண்டு.

நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்த சுருள் ஒரு அம்மோனைட். கணவாய் மீனுக்கும் நாட்டிலஸுக்கும் உறவான, ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரி. சுமார் 14 கோடி முதல் 16 கோடி ஆண்டுகளுக்கு முன், இமயமலை இருக்கிற இடத்தில் டெத்திஸ் என்ற கடல் இருந்தது. செத்து அடியில் போன ஓடுகளைச் சேறு மூடியது, அந்தச் சேற்றில் ஓட்டைச் சுற்றித் தாதுக்கள் இறுகி உருண்டையாயின. அப்புறம் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதிக் கடலடியே மலையானது. தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே, 8,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு மலைத்தொடர்களை அறுத்துக்கொண்டு ஓடுகிற கண்டகி, மேலே இருக்கிற கருப்புக் களிப்பாறையில் இருந்து அந்த உருண்டைகளைப் பெயர்த்து உருட்டி வழவழப்பாக்கிக் கீழே கொண்டு வருகிறது. வஜ்ரகீடம் என்ற புழு கல்லைக் குடைந்து சக்கரம் வரைந்தது என்று புராணம் சொல்கிறது. ஓர் உயிர்தான் அந்தச் சக்கரத்தை வரைந்தது என்ற மட்டில் புராணம் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது, நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அம்மோனைட் இனம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துபோனது. அதன் சுவடுக்கு இன்றைக்கும் ஒரு வீட்டில் தினமும் விளக்கு ஏற்றுகிறார்கள் என்று யோசித்தால் சிலிர்க்கும்.

நம் அரியலூர்ப் பக்கமும் அம்மோனைட் நிறையக் கிடைக்கிறது, வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. ஆனால் யாரும் அதைச் சாளக்கிராமம் என்று கும்பிடுவதில்லை. கண்டகியில் இருந்து வந்தால்தான் சாளக்கிராமம். ஆக, கல்லின் வகை மட்டும் போதாது, நதியும் சேர்ந்ததுதான் அதன் புனிதம்.

பராமரிப்புக்காக ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. உள்ளே பொன் நிறத்தில் மின்னுவது பெரும்பாலும் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. அது தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் காற்றோடு வினைபுரிந்து மெல்ல உப்பிக் கல்லை வெடிக்கச் செய்யும், அருங்காட்சியகங்களிலேயே இது பெரிய தலைவலி. அதனால் திருமஞ்சனம் முடிந்ததும் துவாரத்துக்குள் தண்ணீர் தேங்காமல் நன்றாக வடித்து, உலர்ந்த துணியில் ஒற்றி, காற்றாட வைத்து அப்புறம் சம்புடத்தை மூடுங்கள். எலுமிச்சை, புளி, பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் பக்கத்திலேயே வேண்டாம். பித்தளைத் தட்டைத் தேய்க்கும்போது கல்லையும் சேர்த்துத் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்ணச்சத்து இருக்கிற பகுதிகளைப் புளிப்பு அரித்துவிடும். தயிர் அபிஷேகம் செய்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

பழுப்பில் வெள்ளைக் கோடு போட்ட முட்டை வடிவக் கல்லும், சிவப்புக் கல்லும், கண்ணாடிக் கல்லும் குவார்ட்ஸ் குடும்பமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றின் கடினம் பத்துக்கு 7, சாதாரணக் கத்தியால் கீற முடியாது. அவற்றைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம், கீழே போடாமல் இருந்தால் போதும்.

---

மாடித்தோட்டம்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பைரைட் விஷயம் கேட்டதும் உடனே எடுத்து உலர வைத்துவிட்டேன், துணி லேசாக ஈரமாகத்தான் இருந்தது.

கோயிலாழ்வார் மாமா, ஒரு சந்தேகம். தாத்தா நாமம் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை, எப்போதும் திருநீறுதான். ஆனால் அபிஷேகம் செய்யும்போது புருஷ ஸூக்தம் சொல்வார் என்று அப்பா சொல்கிறார், ருத்ரமும் சொல்வாராம். தட்டில் முட்டை வடிவக் கல்லை நடுவில் வைத்து மற்றவற்றை நான்கு மூலையில் வைப்பார் என்று அப்பாவுக்கு லேசாக நினைவிருக்கிறது. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

---

ஐந்து மூர்த்தி:

இருக்கிறது, இப்போது முழுவதும் விளங்கிவிட்டது! திருநீறு இட்டுக்கொண்டு சாளக்கிராமத்துக்கும் அபிஷேகம் செய்தவர், சிவனுக்கு ருத்ரமும் விஷ்ணுவுக்குப் புருஷ ஸூக்தமும் சொன்னவர், நடுவில் ஒன்று மூலைக்கு ஒன்று. உங்கள் தாத்தா செய்தது பஞ்சாயதன பூஜை. ஆதிசங்கரர் வகுத்துக் கொடுத்த வழிபாடு என்று ஸ்மார்த்த வீடுகளில், அதாவது சங்கரர் வழியைப் பின்பற்றுகிற வீடுகளில், வழிவழியாகச் செய்து வருவது. எங்கள் வீட்டிலும் இதுதான்.

சிவன், விஷ்ணு, அம்பாள், சூரியன், பிள்ளையார் ஆகிய ஐவரையும் ஒரே தட்டில் வைத்துப் பூஜிப்பது. ஐவருக்கும் செதுக்கிய உருவம் கிடையாது, தானாகக் கிடைக்கிற ஐந்து கற்கள்தான். கருப்பு, கண்டகியில் கிடைக்கிற சாளக்கிராமம், விஷ்ணு. முட்டை வடிவம், நர்மதையில் கிடைக்கிற பாணலிங்கம், சிவன். சிவப்பு, சோணை நதியில் கிடைக்கிற சோணபத்ரம், பிள்ளையார். பொன் துகள் மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது காளஹஸ்தி வழியாக ஓடுகிற ஸ்வர்ணமுகி ஆற்றுக் கல், அம்பாள். கண்ணாடி மாதிரி இருப்பது ஸ்படிகம், சூரியன். அது தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தில் கிடைப்பது. அந்த வல்லத்துக் கல்லில்தான் அந்தக் காலத்தில் மூக்குக் கண்ணாடி இழைத்தார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நர்மதையும் சோணையும் பிறக்கிற இடம் ஒரே அமர்கண்டக் மலைப்பகுதி. ஒன்று மேற்கே போய்க் கடலில் சேர்கிறது, இன்னொன்று வடகிழக்கே போய் கங்கையில் சேர்கிறது. அப்பா பிள்ளை இருவருடைய கல்லும் ஒரே மலையில் இருந்து இறங்கி வருகின்றன. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, வரைபடத்தில் பார்த்தபோது தோன்றியது, அன்றைக்கு முழுக்க அந்த நினைப்பாகவே இருந்தது. நேபாளத்தில் இருந்து தஞ்சாவூர் வரை நான்கு ஆறும் ஒரு மண்ணும் உங்கள் உள்ளங்கை அளவு சம்புடத்தில் இருக்கின்றன. ரயில் இல்லாத காலத்தில் யாரோ நடந்து போய்க் கொண்டுவந்து, கைமாறிக் கைமாறி உங்கள் தாத்தாவிடம் வந்திருக்கலாம்.

யாரை நடுவில் வைக்கிறோமோ அவர் அந்த வீட்டின் இஷ்ட தெய்வம். உங்கள் தாத்தா பாணலிங்கத்தை நடுவில் வைத்திருக்கிறார், அதனால் சிவ பஞ்சாயதனம். அதில் வடகிழக்கில் விஷ்ணு, தென்கிழக்கில் சூரியன், தென்மேற்கில் பிள்ளையார், வடமேற்கில் அம்பாள். நடுவில் இருப்பவர் மாறினால் மூலைகளும் மாறும். இதன் அர்த்தம் என்ன என்று கேட்டால், என் மனசில் பதிந்தது இதுதான்: நடுவில் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக மற்ற நால்வர் குறைந்தவர்கள் இல்லை. பக்கத்து வீட்டில் வேறு ஒருவர் நடுவில் இருப்பார், அங்கே நம் சுவாமி மூலையில் இருப்பார், இரண்டு பூஜையும் ஒன்றுதான். உன் தெய்வமா என் தெய்வமா என்ற சண்டைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கோயிலாழ்வார் சாரின் சம்பிரதாயத்தில் பெருமாள் மட்டும்தான், அவர் சொன்ன ஆராதன முறை அந்த வழியில் முற்றிலும் சரி. ஆனால் உங்கள் தாத்தாவின் வழி இது, அதனால் ஐந்தையும் பிரிக்காதீர்கள். துளசி விஷ்ணுவுக்கு, வில்வம் சிவனுக்கு, அருகம்புல் பிள்ளையாருக்கு, அம்பாளுக்குக் குங்குமம், சூரியனுக்குச் செம்பருத்தியோ எந்தச் சிவப்புப் பூவோ. பிள்ளையாருக்குத் துளசி போடும் வழக்கம் இல்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தினம் இத்தனையும் கிடைக்காது. எங்கள் வீட்டில் கிடைக்காத நாளில் அட்சதைதான்.

இரண்டாவது கருப்புக் கல் எனக்கும் புதிராக இருக்கிறது. பஞ்சாயதனத்தில் ஒன்றுதான் இருக்கும்.

---

திருவாசகம் படிப்பவன்:

பாணலிங்கம் என்றதும் சில வார்த்தை சொல்லத் தோன்றியது. நான் சைவன்.

லிங்கம் உருவமும் இல்லை, அருவமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் அருவுருவம் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, கையால் தொட முடிகிறது, ஆனால் இதுதான் முகம் இதுதான் கை என்று காட்ட முடியாது. மனம் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும், பிடித்த இடத்திலேயே தேங்கிவிடவும் கூடாது, அதற்காக வைத்த வடிவம். நர்மதைக் கல்லில் அது செதுக்காமலே அமைகிறது. தண்ணீர் உருட்டி உருட்டி அந்த வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. நர்மதையில் கிடக்கிற கூழாங்கல் எல்லாமே சங்கரன்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பாணாசுரன் பூஜித்தது என்பதால் பாணலிங்கம் என்று பெயர். சாளக்கிராமம் போலவே இதற்கும் பிரதிஷ்டை தேவையில்லை என்பது பொதுவான கொள்கை.

எங்கள் மரபில் வீட்டில் செய்வது ஆன்மார்த்த பூஜை, கோயிலில் ஊருக்காகச் செய்வது பரார்த்த பூஜை. ஆன்மார்த்த பூஜைக்குச் சிவதீட்சை வேண்டும், குருவே லிங்கத்தைக் கையில் கொடுப்பார், அப்படி எடுத்துக்கொண்டால் உயிர் உள்ளவரை விடக் கூடாது. உங்கள் பெரியப்பாவின் பயம் இந்த மாதிரி விரதத்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். அது எடுத்துக்கொண்டவருக்கான கட்டுப்பாடு. உங்கள் தாத்தா எடுத்துக்கொண்டார், கடைசிவரை நிறைவேற்றிவிட்டார். அது அவரோடு முடிந்தது. அதை எடுத்துக்கொள்ளாத பேத்தியின் தலையில் சாபமாக இறங்காது. நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள், எவ்வளவு முடியும் என்று சொல்லிக்கொண்டே தொடங்கலாம்.

சாக்கிய நாயனார் தினமும் லிங்கத்தின் மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பூவும் இல்லை, மந்திரமும் இல்லை, கல்லெறிதான் பூஜை. ஒரு நாள் எறிய மறந்து சாப்பிட உட்கார்ந்தவர், நினைவு வந்ததும் எழுந்து ஓடினார். அந்த ஓட்டத்துக்குத்தான் காட்சி கிடைத்தது. மறந்தவருக்குத் தண்டனை கொடுத்ததாகப் பெரியபுராணத்தில் இல்லை.

கூடவே ஒரு எச்சரிக்கை, இதைப் படித்துவிட்டுக் கல் வாங்கக் கிளம்புகிறவர்களுக்காக. நர்மதேஸ்வரர் என்ற பெயரில் இன்று விற்கிற பாணலிங்கங்களில் பெரும்பகுதி இயந்திரத்தில் வடிவம் கொடுத்து மெருகேற்றியது. மத்தியப் பிரதேசத்தில் பகாவான் என்ற கிராமத்தில் இதுவே தொழில். அதில் பொய் ஒன்றும் இல்லை, நர்மதைக் கல்தான், பூஜிக்கலாம், ஆனால் ஆறு உருட்டிய கல் என்று சொல்லி அதற்குத் தனி விலை கேட்டால் கொடுக்காதீர்கள். சாளக்கிராமத்தில் நிலைமை மோசம். அச்சில் வார்த்தது, சக்கரத்தைக் கருவியால் கீறியது, பொன் வர்ணம் பூசியது எல்லாம் வருகிறது. இந்தக் கல் வைத்தால் கடன் தீரும், அந்தக் கல் வைத்தால் வழக்கு ஜெயிக்கும் என்று பட்டியல் போட்டு விற்கிறவர்களிடம் நெருங்கவே வேண்டாம். சாளக்கிராமத்துக்கு விலை பேசுவதே பாவம் என்பதுதான் சாஸ்திரம், அதை வைத்திருந்த பெரியவர்கள் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள், விற்கவில்லை. ஸ்படிகத்தில் கண்ணாடியைத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. மாடித்தோட்டம் அம்மா, உங்களுக்கு இந்தக் கவலையே இல்லை, உங்களிடம் இருப்பது தலைமுறையாக வந்தது.

---

மாடித்தோட்டம்:

படித்துவிட்டு அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் அந்தச் சம்புடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தட்டில் வைத்து ஆரம்பிக்கலாம் என்றார்.

இரண்டு விஷயம் பாக்கி. இரண்டாவது சாளக்கிராமத்தை என்ன செய்வது? அதில் சின்னதாக ஒரு விளிம்பும் உடைந்திருக்கிறது. அப்புறம், பெண்கள் தொடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு முட்டி வலி, தினமும் செய்யப்போவது நான்தான்.

---

கோயிலாழ்வார்:

பஞ்சாயதனம் என்பது எனக்குத் தோன்றவில்லை, நீங்கள் திருநீறு பற்றிச் சொன்ன பிறகுதான் பொருந்துகிறது. ஐந்து மூர்த்தி சொன்னபடியே செய்யுங்கள்.

எண்ணிக்கை பற்றிய விதி உண்மைதான் அம்மா. இரட்டைப்படையில் வைக்கலாம், ஆனால் இரண்டு கூடாது. ஒற்றைப்படை கூடாது, ஆனால் ஒன்று இருக்கலாம். அத்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆற்றில் விடச் சொன்னதுதான் தேவையில்லை. உடைந்தது தோஷம் இல்லை. மற்ற விக்ரகங்களுக்குப் பின்னம், அதாவது உடைவு, வந்தால் பூஜையில் இருந்து எடுக்க வேண்டும், சாளக்கிராமத்துக்கு அது பொருந்தாது, உடைந்தாலும் விரிசல் விட்டாலும் ஆராதிக்கலாம்.

அவசரமே இல்லை. வேறு யாருடைய ஆராதனத்தில் இருந்தோ உங்கள் தாத்தாவிடம் வந்து சேர்ந்ததாக இருக்கும், பாட்டி வீட்டில் செய்ய ஆள் இல்லாமல் போயிருக்கலாம். குடும்பத்துப் பெரியவர்களிடம் ஒருமுறை விசாரியுங்கள். உங்கள் பெரியப்பா இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறாரே, ஒன்றை அவர் வீட்டில் எழுந்தருளப் பண்ணுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

---

அகல்:

பெண்கள் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பூஜை செய்வது நான்.

மறைக்காமல் சொன்னால், சாளக்கிராமத்தைப் பெண்கள் தொட்டு அபிஷேகம் செய்யக் கூடாது என்று நம் பக்கத்தில் பல ஸ்மார்த்த வீடுகளிலும் வைஷ்ணவ வீடுகளிலும் வழக்கம் இருக்கிறது. அதற்குச் சாஸ்திர வாக்கியமும் காட்டுவார்கள். எல்லா மரபிலும் அப்படி இல்லை. வங்கத்துக் கௌடீய வைஷ்ணவத்தில் தீட்சை பெற்ற பெண்கள் சாளக்கிராம ஆராதனம் செய்கிறார்கள், அவர்களும் சாஸ்திரம் காட்டித்தான் செய்கிறார்கள். எனவே இதை இணையத்தில் முடிவு செய்ய முடியாது. உங்கள் குடும்பம் எந்த மடத்தைச் சேர்ந்ததோ அங்கே நேரில் போய், வீட்டில் நிலைமை இது, செய்யப்போவது நான் என்று சொல்லிக் கேளுங்கள். முழு விவரத்தைச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு வழி சொல்வார்கள், ‘பெண்கள் தொடலாமா’ என்று மொட்டையாகக் கேட்டால் கூடாது என்ற ஒற்றை வார்த்தைதான் வரும்.

எனக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஏற்பாடு இது. கணவர் அலுவலகம் போகும் முன் கற்களை எடுத்துத் தட்டில் வைத்து ஒரு உத்தரணி தீர்த்தம் விட்டுத் துடைத்துவிடுவார், அவருக்கு ஐந்து நிமிஷ வேலை. பூ, துளசி, விளக்கு, ஸ்தோத்திரம், நைவேத்யம் எல்லாம் நான். துளசியை மேலிருந்து சமர்ப்பிக்கிறேன், கல் கையில் படுவதில்லை. இதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை, பூஜையின் பெரும்பகுதி என் கையில்தான் இருக்கிறது. ஆனால் இது குறை என்று நினைக்கிற பெண்ணையும் நான் தப்பு சொல்லமாட்டேன், அவர் தன் குருவிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் அப்பா இருக்கிறாரே. முட்டி வலி என்றால் கீழே உட்கார வேண்டாம், மேஜை உயரத்தில் ஒரு பலகை போட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவர் அபிஷேகம் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தில் எந்த மூலையில் எது என்று எழுதி வைத்துவிடுங்கள், முதல் சில நாள் குழப்பம் வரும். அகலமான தாம்பாளம் வேண்டாம், விளிம்பு உயர்ந்த சின்னத் தட்டு போதும், அபிஷேக நீர் சிந்தாமல் தீர்த்தமாக எடுக்க அதுதான் வசதி.